மட்டக்குதிரை எவ்வளவு பாரம் சுமக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட்டையூருக்கும் பள்ளத்தூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் தோப்பில் இரண்டு மட்டக்குதிரைகள் நிற்கின்றன. ஒன்று செவலை, இன்னொன்று சாம்பல். சனி, ஞாயிறு சாயங்காலங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சவாரிக்கு வருவார்கள். கல்யாணம், கோயில் விசேஷம் என்று சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பூட்டிக்கிடக்கும் வீடுகளைத் திறக்க வருகிறவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்பா ஜட்கா ஓட்டியவர். குதிரையின் கால் சத்தத்திலேயே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். எனக்கு அந்தக் காது இல்லை. டேப்பும் எடை மெஷினும் வைத்துத்தான் பார்க்கிறேன். வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலும் சொல்கிறேன்.

அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லுங்க. மட்டக்குதிரை எத்தனை கிலோ தாங்கும்?

குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம். 180 கிலோ குதிரை என்றால் 36 கிலோ. இது ஆளின் எடை மட்டும் அல்ல, சேணம், கால் வைக்கும் அங்கவடி, துணி எல்லாம் சேர்த்து.

இதுவும் எல்லைதான், இலக்கு இல்லை. நல்ல வயதில், நல்ல உடம்போடு, காலில் குறையில்லாமல், தினமும் வேலை செய்து பழகிய குதிரைக்கு 20 சதவீதம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நான் 15க்கு இறங்கிவிடுவேன்.

மட்டக்குதிரைன்னா குதிரைக்குட்டியா?

இல்லை. வளர்ந்து முடிந்த பிறகும் உயரம் குறைவாகவே இருக்கும் குதிரைதான் மட்டக்குதிரை. பிடரி மயிர் முடியும் இடத்தில் முதுகு தொடங்கும் முன் ஒரு மேடு இருக்கும். தரையிலிருந்து அந்த மேடு வரை அளப்பதுதான் குதிரையின் உயரம். அது சுமார் 147 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மட்டக்குதிரை என்பது பொதுவான கணக்கு. எங்கள் செவலை 116 சென்டிமீட்டர்தான், வயது ஒன்பது. குட்டியின் மேல் யாரும் ஏறவே கூடாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உயரம் பாத்து எடை தெரிஞ்சுக்கலாமா? எடை மேடைக்கா கூட்டிட்டுப் போறது?

உயரத்தை வைத்து எடை சொல்ல முடியாது. ஒரே உயரத்தில் இரண்டு குதிரைகளுக்கு 40, 50 கிலோ வித்தியாசம் இருக்கும். எடை மேடைக்கும் போக வேண்டாம். தையல்காரர் வைத்திருக்கும் 150 சென்டிமீட்டர் டேப் போதும், சின்னக் குதிரையின் நெஞ்சுச் சுற்றளவு பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நான் சொன்ன மேட்டை ஒட்டி டேப்பைச் சுற்றி, குதிரை மூச்சை வெளியே விடும்போது அளவு எடுங்கள். அது நெஞ்சுச் சுற்றளவு. அடுத்து, தோள் எலும்பின் முன் முனையிலிருந்து பின் தொடையின் கடைசி எலும்பு முனை வரை நீளம். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். செவலைக்குச் சுற்றளவு 132, நீளம் 122. 132 × 132 × 122 = 21,25,728. வகுத்தால் 179 கிலோ. சாம்பலுக்கு 146, 136. கணக்கு 244 கிலோ வருகிறது.

துல்லியம் என்று சொல்ல மாட்டேன், சில கிலோ முன்னே பின்னே இருக்கும். அதனால் சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்வது என் வழக்கம். குதிரை நான்கு காலிலும் சமமாக நின்று, தலையை நேராக வைத்திருக்கும்போது அளக்க வேண்டும். தலையைக் குனிந்து புல் மேயும்போது அளந்தால் நீளம் மாறும்.

சேணம் என்ன பெரிய எடை? அதையும் போய்க் கணக்குல சேக்குறீங்களே?

தூக்கிப் பாருங்கள், பிறகு கேட்க மாட்டீர்கள். பிள்ளைகளுக்கு நான் போடும் சின்ன சேணம், அடித்துணி, அங்கவடி எல்லாம் சேர்த்து 5 கிலோ. கல்யாண ஊர்வலத்துக்குப் போடும் வெல்வெட்டும் ஜிகினாவும் மணியும் வைத்த அலங்காரச் சேணத்தை ஒருமுறை எடை போட்டேன், 9 கிலோ வந்தது. செவலைக்கு மொத்தமே 36 என்றால், அந்த அலங்காரம் அதில் கால் பங்கைத் தின்றுவிடுகிறது. எனவே செவலையின் மேல் ஏறும் பிள்ளை 31 கிலோவுக்குள் இருக்க வேண்டும். சாம்பலுக்கு எல்லை 48 கிலோ, அதன் சேணம் 6 கிலோ, பிள்ளை 42க்குள்.

எங்க பையன் 33 கிலோ. ரெண்டு கிலோதானே கூட, ஒரு ரவுண்டு விடுங்களேன்?

ஒரு ரவுண்டில் செவலை விழுந்துவிடாது, உண்மைதான். ஆனால் அன்றைக்கு 33 என்றால் அடுத்த வாரம் 35 வரும், அதுவும் "ரெண்டு கிலோதானே" என்றே வரும். அதனால்தான் தோப்பில் எடை மெஷின் வைத்திருக்கிறேன். 33 கிலோ பிள்ளையைச் சாம்பலில் ஏற்றுவேன். அவனுக்கும் உயரமான குதிரையில் ஏறின சந்தோஷம்.

குதிரை நல்லா கொழுகொழுன்னு இருக்கே, எடை கூடுனா தாங்குறதும் கூடுமே?

இந்தக் கேள்வி கேட்பவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஆனால் கொழுப்பு பாரம் தூக்காது, அதுவே ஒரு பாரம். 180 கிலோ இருக்க வேண்டிய குதிரை கொழுத்து 210 ஆனால், அதன் காலும் முதுகும் ஏற்கெனவே 30 கிலோவைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. கணக்கு 180க்குத்தான் போட வேண்டும், அந்த 36லிருந்தும் குறைக்க வேண்டும். மட்டக்குதிரை கொழுத்தால் குளம்புக்குள் வீக்கம் வரும் நோயும் சேர்ந்து வரும். அது வந்தால் நடப்பதே வேதனை.

விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, கையை வைத்துத் தடவினால் தட்டுப்பட வேண்டும். அதுதான் சரியான உடம்பு. எலும்பு துருத்திக்கொண்டு தெரியும் குதிரைக்கு 20ம் இல்லை, 15ம் இல்லை. கொள்ளும் புல்லும் கொடுத்துத் தேற்றுகிற வரைக்கும் சவாரியே கிடையாது.

எத்தனை வயசுல ஏறலாம்? சினைக்குதிரை மேல ஏறலாமா?

நான்கு வயதுக்கு முன்னால் நான் யாரையும் ஏற்றுவதில்லை. உருவம் வளர்ந்து முடிந்த மாதிரி தெரிந்தாலும், முதுகெலும்பு முழுதாக முற்ற ஐந்தரை, ஆறு வயது ஆகும். அதுவரை லேசான பாரம், குறைந்த நேரம். குதிரை சுமார் 11 மாதம் சினை சுமக்கும். கடைசி நான்கு மாதம் சவாரி வேண்டாம்.

இந்த 20 சதவீதத்தை யாரு சொன்னது? நீங்களா வச்சுக்கிட்டதா?

நான் வைத்ததில்லை. அமெரிக்கக் குதிரைப்படை 1920இலேயே தன் கையேட்டில் இதே அளவைச் சொல்லியிருக்கிறது. 2008இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்டுக் குதிரைகளின் மேல் அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என்று மாற்றி மாற்றிப் பாரம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் வேலை வாங்கிப் பார்த்தார்கள். 25ஐத் தொட்டதும் இதயத் துடிப்பு ஏறியது, தசை வலியும் இறுக்கமும் தெரிந்தன. 30இல் இன்னும் மோசம். பாரத்துக்கு ஏற்றபடி இடுப்புப் பகுதி அகலமாக இருந்த குதிரைகளுக்கு வலி குறைவாக இருந்தது என்பதையும் கவனித்தார்கள்.

எனக்கு இன்னும் பயன்பட்டது ஐஸ்லாந்துக் குதிரைகளை வைத்து நடந்த சோதனை, 2017இல் வெளியானது. அவை நம் மட்டக்குதிரைக்கு நெருக்கமான உயரம், ஆனால் கட்டுமஸ்தான இனம். தசை களைத்துப்போவதைக் காட்டும் இரத்தச் சோதனையில் சராசரியாக 22.7 சதவீதத்தில் எல்லை வந்தது. ஆனால் ஒரு குதிரைக்கு 17இலேயே வந்துவிட்டது, இன்னொன்று 27.5 வரை தாங்கியது. உங்கள் குதிரை அந்த 17ஆக இருந்தால்? ஜப்பான் நாட்டுக் குதிரைகளுக்கு 29 சதவீதம் வரை சரி என்று ஒரு ஆய்வு சொல்வதை எடுத்துக்காட்டிச் சிலர் வாதாடுவார்கள். அதில் அளந்தது நடை சீராக இருக்கிறதா என்பதை. நடை தடுமாறாத குதிரைக்கும் முதுகு வலிக்கலாம்.

சட்டத்துலயே மட்டக்குதிரைக்கு 70 கிலோன்னு இருக்காமே? நீங்க 36ன்னு சொல்றீங்க?

இருக்கிறது. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளில் மட்டக்குதிரையின் முதுகில் ஏற்றும் பொதிக்கு 70 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். கழுதைக்கு 50, கோவேறு கழுதைக்கு 200. அதைத் தாண்டினால் குற்றம் என்பதுதான் அதன் அர்த்தம். அதுவரை ஏற்றினால் சுகம் என்று அது சொல்லவில்லை. 150 கிலோ குதிரைக்கும் 330 கிலோ குதிரைக்கும் அங்கே ஒரே எண்தான். 70 கிலோ சுகமாகச் சுமக்க 350 கிலோ குதிரை வேண்டும், நம் பக்கம் மட்டக்குதிரையில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அதே விதிகளில் நம்மவர்கள் எடுத்துச் சொல்லாத வேறொன்று இருக்கிறது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை விலங்கை வேலை வாங்கக்கூடாது. ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

அப்ப சித்திரை, வைகாசியில சவாரியே கிடையாதா? புள்ளைங்களுக்கு அப்பத்தானே லீவு?

உண்டு, காலை எட்டுக்குள், மாலை ஐந்தரைக்கு மேல். நம் பொட்டல் செம்மண் சாயங்காலம் ஐந்து மணிக்கும் அனல் விடும். தார் ரோடு அதைவிட மோசம். புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து எண்ணும் வரை வைத்திருக்க முடியவில்லை என்றால் குதிரையை இறக்காதீர்கள். அந்த இரண்டு மாதமும் என் கணக்கு 15 சதவீதம். செவலைக்குச் சேணம் போக 22 கிலோதான் மிஞ்சும், சின்னப் பிள்ளைகள் மட்டும். ஆசையாக ஓடிவந்து கேட்கும் பெரிய பிள்ளைகளின் முகம் வாடும், எனக்கும் கஷ்டம்தான். ஆனால் அந்த வெயிலில் குதிரை தன் உடம்புச் சூட்டை ஆற்றுவதற்கே பாதி பலத்தைச் செலவழிக்கிறது.

ஆளுக்கு அஞ்சு நிமிஷம்தானே? அதுக்குள்ள என்ன களைப்பு?

பிள்ளைக்கு ஐந்து நிமிடம். குதிரைக்கு? வரிசையில் 24 பிள்ளைகள் நின்றால் இரண்டு மணி நேரம், இறக்கி ஏற்றுகிற அவகாசம் தவிர முதுகு காலியாகவே இருக்காது. திருவிழாக்களில் குதிரை களைப்பது இப்படித்தான். ஒரு பிள்ளையின் எடையால் அல்ல.

நான் ஒரு குதிரையை 40 நிமிடம் விட்டு, சேணத்தை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, அரை மணி நேரம் நிறுத்திவிடுவேன். ஒரே பக்கமாகவே சுற்ற வைக்காமல் பாதியில் திசையை மாற்றுவேன். நடை மட்டும்தான். குதிரை குலுங்கி ஓடும்போது ஒவ்வொரு குலுக்கலிலும் ஏறியவரின் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காக முதுகில் இறங்கும்.

ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க, சேர்த்தே 28 கிலோதான். முன்னாடி பின்னாடி உக்காரட்டுமே?

எடைக் கணக்கு சரி, உட்காரும் இடம் தவறு. சேணத்துக்குப் பின்னால் உட்கார்கிற பிள்ளை, விலா எலும்பு முடிந்த பிறகு வரும் இடுப்பின் மேல் உட்காருகிறது. அங்கே அடியில் தாங்க விலா இல்லை. கூடவே சேணத்தின் மெத்தையும் இல்லை. ஒவ்வொருவராக வரட்டும்.

ஜட்கா வண்டியில நாலு பேரை இழுத்துச்சே குதிரை! முதுகுல ஒரு ஆளு உக்காந்தா என்ன வந்துரும்?

அப்பாவைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்காமல் போக மாட்டார்கள். வண்டியில் எடையைத் தாங்குவது சக்கரமும் அச்சும். குதிரை அதை உருட்டத்தான் வேண்டும். முதுகில் ஏறினால் அந்த எடையைத் தசையும் எலும்பும் ஒவ்வொரு அடிக்கும் தூக்க வேண்டும். நாம் கைவண்டியில் நான்கு மூட்டை தள்ளுவோம், தலையில் நான்கு மூட்டை ஏற்றச் சம்மதிப்போமா?

வண்டிக்கும் எல்லை உண்டு. மேலே சொன்ன அதே 1965 விதிகளில் ஓட்டுபவரும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் போக நான்கு பேர்தான். அப்பா ஏற்றத்தில் ஆட்களை இறக்கி நடக்கவிடுவார். சவாரிக்காரர்கள் முணுமுணுப்பார்கள், அவர் கேட்க மாட்டார்.

மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேணும். மாப்பிள்ளை 80 கிலோ இருப்பாரு, கோயில்லேருந்து வீடு வரைக்கும்தான். தருவீங்களா?

தர மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குச் செவலையை அனுப்பினேன். ஏழெட்டு வயதுத் துணைமாப்பிள்ளை ஏறுவான் என்றார்கள். அங்கே போனதும் 70 கிலோவாவது இருக்கும் ஒரு பெரியவரை, அலங்காரச் சேணத்தோடு ஏற்றினார்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்தது, சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் வாயிலிருந்து 'வேண்டாம்' வரவில்லை. பத்து நிமிடம்தான். செவலை ஒரு அடிகூடத் தடுமாறவில்லை.

மறுநாள் காலையில் மேட்டுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு வீங்கியிருந்தது. விரலை வைத்ததும் முதுகை அப்படியே கீழே பதித்தது. ஒரு மாதம் சேணம் போடாதீர்கள் என்றார் கால்நடை மருத்துவர். வீக்கம் வடிந்து, முடி உதிர்ந்து, அந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை முடி முளைத்தது. இன்றும் இருக்கிறது. சேணம் போடும்போது தினமும் என் கண்ணில் படும்.

80 கிலோ மாப்பிள்ளையும் 9 கிலோ சேணமும் சேர்ந்தால் 89. அதற்கு 445 கிலோவுள்ள பெரிய குதிரை வேண்டும். அப்படிக் குதிரை கிடைக்கவில்லை என்றால் சாரட் வண்டி பிடியுங்கள். ஊர்வலம் அதிலும் அழகாகத்தான் இருக்கும்.

வாயில்லா ஜீவன். வலிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாய் இல்லாவிட்டாலும் சொல்லும். சேணத்தை எடுத்து வந்தாலே காதைப் பின்னால் மடிக்கும், வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வரும். ஏறும்போது முதுகைத் தாழ்த்தும், வால் அடிக்கும், அடி குட்டையாகும். "இது முரட்டுக் குதிரை" என்று பெயர் வாங்கியவற்றில் பலவற்றுக்கு முதுகுவலிதான்.

சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் அடியில் இருக்கும் வியர்வையைப் பாருங்கள். ஒரே சீராக நனைந்திருந்தால் நல்லது. சுற்றிலும் ஈரமாக இருந்து நடுவில் காய்ந்த திட்டு ஒன்று இருந்தால், அங்கே சேணம் அழுத்தியிருக்கிறது. எடை சரியாக இருந்தும் சேணம் பொருந்தாததால் புண்ணான குதிரைகள் உண்டு. பிறகு முதுகெலும்பின் இரு பக்கமும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வைத்து, தக்காளியைப் பழுத்ததா என்று பார்க்கும் அளவுக்கு மட்டும் அழுத்திக்கொண்டே மேட்டிலிருந்து இடுப்பு வரை வாருங்கள். தோல் லேசாகச் சிலிர்த்தால் பரவாயில்லை. முதுகு பதிந்தாலோ, விலகிப் போனாலோ, தலையைத் திருப்பினாலோ அங்கே வலி.

மூச்சையும் எண்ணலாம். விலாவுக்குப் பின்னால் இருக்கும் அள்ளை ஏறி இறங்குவதைப் பார்த்து, சவாரிக்கு முன் நிமிடத்துக்கு எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். நிழலில் ஓய்வாக நிற்கும் குதிரைக்கு 8 முதல் 16 வரை இருக்கும், நம் கோடையில் கொஞ்சம் கூடும். சவாரி முடிந்து கால் மணி நேரமாகியும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

ஆடியில அந்தியூர் சந்தைக்குப் போறோம். புள்ளைக்கு ஒண்ணு வாங்கலாம்னு. எதைப் பாக்கணும்?

குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தையில் குதிரை நிறைய வரும், அலங்காரத்தோடு ஆட வைத்துக் காட்டுவார்கள். ஆட்டத்தைப் பார்க்காதீர்கள். சேணத்தைக் கழற்றச் சொல்லி, முதுகில் வெள்ளை முடித் திட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பழைய அழுத்தக் காயம். மேலே சொன்ன விரல் சோதனையைச் செய்யுங்கள். தையல் டேப்பையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

பிள்ளை இப்போது 25 கிலோ என்றால் 150 கிலோ குதிரை போதும் என்று நினைக்க வேண்டாம். மூன்று வருடத்தில் பிள்ளை 38 ஆகும், குதிரை அப்படியே இருக்கும். அதற்கும் சேர்த்துப் பாருங்கள்: 38, சேணம் 6, மொத்தம் 44. குறைந்தது 220 கிலோ குதிரை.

ஐயனார் கோயில் குதிரை மேல அவ்ளோ பெரிய வீரர் உக்காந்திருக்காரே, அது மட்டும் எப்படித் தாங்குது மாமா?

ஏழு வயதுப் பெண் கேட்டது. அந்தப் பெரிய குதிரைகள் பலவற்றின் வயிற்றுக்கு அடியில் ஒரு முட்டு இருக்கும், அடுத்த முறை போகும்போது குனிந்து பார் என்றேன். புரவி எடுப்புத் திருவிழாவில் மண் குதிரையை ஆட்கள்தான் தோளில் சுமந்து போகிறார்கள் என்பதையும் அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.

எல்லார் முன்னாடியும் எடை போட்டு, "நீ ஏறாதே"ன்னா புள்ள மனசு நோகாதா?

நோகும். ஆரம்பத்தில் எனக்கு இது தெரியவில்லை. எடையைச் சத்தமாகப் படித்தேன், ஒரு பையன் அழுதுகொண்டே காரில் போய் உட்கார்ந்துவிட்டான். இப்போது மெஷின் வேப்பமரத்துக்குப் பின்னால் இருக்கிறது. எண்ணை நான் மட்டும் பார்ப்பேன். "நீ கனம்" என்று சொல்வதில்லை, "செவலை சின்னது, உனக்குப் பத்தாது" என்பேன். உண்மையும் அதுதான். 50 கிலோ பிள்ளைக்கு 275 கிலோ குதிரை இருந்தால் தாராளமாக ஏறலாம், என்னிடம் அப்படி ஒன்று இல்லை, அவ்வளவே.

ஏற முடியாத பிள்ளைக்குக் கயிற்றைக் கொடுத்துவிடுவேன். சின்னப் பிள்ளை மேலே இருக்க, கடிவாளத்துக்குப் பக்கத்தில் நடந்து செவலையைக் கூட்டிப்போவது அவர்கள் வேலை. சவாரி முடிந்ததும் சேணத்தைக் கழற்றி, வியர்வைத் திட்டு பார்ப்பது, தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது, குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது எல்லாம் அவர்கள்தான். அன்று காரில் போய் உட்கார்ந்த பையனுக்கு இப்போது பதினாலு வயது. போன ஞாயிற்றுக்கிழமை செவலையின் முதுகை அழுத்திக்கொண்டே வந்தவன், இடுப்புக்கு முந்தி நின்று, "மாமா, இங்க லேசா பதிக்குது, இன்னைக்கு விட்டுருங்க" என்றான். நான் கை வைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. வரிசையில் நின்ற பிள்ளைகளைச் சாம்பலுக்கு மாற்றினோம்.